அரிதானதா, அரிதாக்கப்பட்டதா? – கைக்கடிகாரச் சேகரிப்பின் வரலாறு



'லிமிட்டட் எடிஷன்' என்னும் சொல்லை இன்று நம் மாணவர்கள் சர்வசாதாரணமாகப் பயன்படுத்துகின்றனர். காலணி, விளையாட்டு அட்டை, பொம்மை, பேனா, கைக்கடிகாரம் என எல்லாவற்றிலும் அச்சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'வரையறுக்கப்பட்ட பதிப்பு' என்று தமிழில் கூறலாம். இத்தனை எண்ணிக்கைக்கு மேல் செய்யமாட்டோம் என்று செய்பவரே முன்கூட்டி அறிவித்துவிட்டு விற்கும் பொருள் என்பது அதன் பொருள். இவ்வழக்கம் எப்படித் தோன்றியது? குறைவாகக் கிடைக்கும் பொருளுக்கு ஏன் இவ்வளவு போட்டி? இக்கேள்விகளுக்கு விடை காணக் கைக்கடிகாரத்தின் வரலாற்றைவிடச் சிறந்த பாடம் வேறில்லை. பெரியவர்களே மயங்கும் இடத்தில் பிள்ளைகளுக்கு வழிகாட்ட வேண்டிய பொறுப்பு நமக்கு இருப்பதால், இதனைச் சற்று விரிவாகவே காண்போம்.

தேவை குறைந்தபோது பிறந்த ஆசை

1969-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் தோக்கியோவில் சைக்கோ நிறுவனம் 'ஆஸ்ட்ரோன்' என்னும் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வைக் கொண்டு இயங்கி, விற்பனைக்கு வந்த முதல் கைக்கடிகாரம் அது. விலை 450,000 யென். அக்காலத்தில் ஒரு சிறிய காரை வாங்கப் போதுமான தொகை. விலை மலைக்க வைத்தாலும், மாதத்திற்கு ஐந்து வினாடிக்கு மேல் பிசகாத அதன் துல்லியம் அதனினும் மலைக்க வைத்தது. சுருள்வில்லும் பற்சக்கரங்களும் கொண்ட இயந்திரக் கடிகாரங்கள் அதற்கு ஈடுகொடுக்க இயலவில்லை.

அடுத்த பத்தாண்டுகளில் குவார்ட்ஸ் கடிகாரத்தின் விலை வேகமாக இறங்கியது. பல நூற்றாண்டுப் பெருமை கொண்ட சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழில் நிலைகுலைந்தது. 1970-இல் ஏறத்தாழ 90,000 பேர் அங்கு அத்தொழிலில் இருந்தனர். 1980-களின் நடுப்பகுதியில் அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினரே எஞ்சினர். ஊர் ஊராகப் பட்டறைகள் மூடப்பட்டன.

இங்கேதான் வரலாறு ஒரு விந்தையான திருப்பத்தைக் காண்கிறது. மணி பார்ப்பதற்கு இயந்திரக் கடிகாரம் தேவையில்லை என்றான பிறகே, அதனை ஒரு கலைப்பொருளாகப் பார்க்கும் கண் மக்களுக்கு வந்தது. அன்றாடத் தேவையாக இருந்த வரை அது பழுதானால் தூக்கி எறியப்பட்டது. தேவை போனபின் அதே பொருள் தேடிச் சேர்க்கப்பட்டது. சேகரிப்பாளர் என்னும் புதிய வாடிக்கையாளர் உருவானார்.

யாரும் விரும்பாத கடிகாரம்

சேகரிப்பாளர்களின் உலகில் மிகப் புகழ்பெற்ற கதை ரோலெக்ஸ் 'டேடோனா'வின் கதையாகும். 1963-இல் கார்ப் பந்தய ஓட்டுநர்களுக்காக இக்கடிகாரம் அறிமுகமானது. புளோரிடாவில் உள்ள பந்தயத் தளத்தின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. நேரத்தை நிறுத்தி அளக்கும் வசதி கொண்ட இதற்கு, அக்காலத்தில் நாள்தோறும் கையால் சாவி கொடுக்க வேண்டியிருந்தது. இதன் ஒரு வகையில், முகப்பின் சிறு வட்டங்களுக்கு மாறுபட்ட வண்ணமும், கோடுகளின் முனையில் சிறு சதுரங்களும், சற்றே விந்தையான எண் வடிவங்களும் அமைந்திருந்தன. அம்முகப்பு அன்றைய வாடிக்கையாளர்களைக் கவரவில்லை. கடைகளில் தேங்கிக் கிடந்தது. விற்காத பொருளை யார் மிகுதியாகச் செய்வார்? ஆகவே அவ்வகை குறைவாகவே செய்யப்பட்டது.

அமெரிக்க நடிகர் பால் நியூமன், 'வின்னிங்' என்னும் பந்தயத் திரைப்படத்தில் நடித்ததிலிருந்து கார்ப் பந்தயத்தில் ஆர்வம் கொண்டார். அவருடைய துணைவியார், நடிகை ஜோஆன் வுட்வர்ட், நியூயார்க்கின் டிஃபனி கடையில் இத்தகைய டேடோனா ஒன்றை வாங்கி அவருக்குப் பரிசளித்தார். கவனமாக ஓட்டுமாறு கணவருக்குச் சொல்லும் சிறு வாசகம் அதன் பின்புறத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. அன்றைய விலை 250 அமெரிக்க டாலர் அளவில் இருந்தது எனக் கூறுவர். நியூமன் பல ஆண்டுகள் அதனைக் கட்டியிருந்தார். 1984-இல் தம் மகளின் நண்பரான ஒரு மாணவரிடம் மணி கேட்டார். தம்மிடம் கடிகாரம் இல்லை என்றார் அந்த இளைஞர். உடனே நியூமன் தம் கையில் இருந்ததைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டார். ஒருவர் கையில் கடிகாரம் இல்லை, கொடுத்தார், அவ்வளவே.

1980-களின் பிற்பகுதியில் இத்தாலியச் சேகரிப்பாளர்கள் இவ்வகை முகப்பைத் தேடத் தொடங்கினர். நியூமன் கட்டியிருந்த வகை என்பதால் 'பால் நியூமன் டேடோனா' என்னும் பெயர் நிலைத்தது. தேங்கிக் கிடந்த பொருள் தேடப்படும் பொருளாயிற்று. 2017 அக்டோபர் 26-ஆம் நாள் நியூமனின் சொந்தக் கடிகாரமே நியூயார்க்கில் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஏலத்திற்கு வந்தது. தொலைபேசி வழி கேட்ட ஒருவர் எடுத்த எடுப்பிலேயே 10 மில்லியன் டாலர் என்றார். ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடங்களில் ஏலம் முடிந்தது. கட்டணம் உட்பட 17.75 மில்லியன் டாலர்! அன்று ஏலத்தில் விற்கப்பட்ட கைக்கடிகாரங்களுள் அதுவே மிக உயர்ந்த விலை. வாங்கிய விலையைப் போல் ஏறத்தாழ 71,000 மடங்கு.

இவ்வகைக்கு வேறோர் எடுத்துக்காட்டும் உண்டு. பட்டேக் பிலிப் நிறுவனம் 1941-இல் வெளியிட்ட '1518' என்னும் கைக்கடிகாரம், நாள்காட்டியும் நேர அளவியும் இணைந்த அரிய படைப்பு. மொத்தம் 281 மட்டுமே செய்யப்பட்டன. பெரும்பாலானவை தங்கத்தால் ஆனவை. துருவேறா எஃகில் செய்யப்பட்டவை நான்கு மட்டுமே இன்று அறியப்படுகின்றன. அந்நான்கில் ஒன்று 2016 நவம்பரில் ஜெனீவாவில் 11 மில்லியன் சுவிஸ் பிராங்குக்கு ஏலம் போனது. தங்கத்தைவிட எஃகு விலையேறிய விந்தையைப் பாருங்கள்! உலோகத்தின் மதிப்பன்று, எண்ணிக்கையின் சிறுமையே விலையைத் தீர்மானித்தது.

இவ்விரு கதைகளிலும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. அக்கடிகாரங்களை அரிதாக்க வேண்டும் என்று எவரும் திட்டமிடவில்லை. சூழலால் அவை அரிதாயின. முதலில் வாங்கியவர்கள் கட்டிக்கொள்வதற்காகவே வாங்கினர்.

நிலவுப் பயணமும் 1,014 தங்கக் கடிகாரங்களும்

எண்ணிக்கையைத் திட்டமிட்டுக் குறைக்கும் வழக்கத்திற்கு ஒரு தொடக்கப்புள்ளியை நாட வேண்டுமானால், 1969-ஆம் ஆண்டையே மீண்டும் நாட வேண்டும். அவ்வாண்டு ஜூலையில் மனிதன் நிலவில் கால் பதித்தான். விண்வெளி வீரர்களுக்கு நாசா தேர்ந்தெடுத்திருந்த கடிகாரம் ஒமேகாவின் 'ஸ்பீட்மாஸ்டர்'. அவ்வெற்றியைப் போற்றும் வகையில் ஒமேகா நிறுவனம் தங்கத்தால் ஆன சிறப்புப் பதிப்பொன்றை உருவாக்கியது. 1969 நவம்பர் 25-ஆம் நாள் ஹூஸ்டன் நகரில் நடந்த விருந்தில் விண்வெளி வீரர்களுக்கு அது வழங்கப்பட்டது. முதல் எண் கொண்டது அதிபர் நிக்சனுக்கும், இரண்டாம் எண் கொண்டது துணை அதிபர் அக்னியூவுக்கும் ஒதுக்கப்பட்டன. பரிசின் மதிப்பு மிக அதிகம் என்பதால் இருவரும் அதனை ஏற்க இயலாமற் போயிற்று. 1973 வரை மொத்தம் 1,014 கடிகாரங்களே செய்யப்பட்டன. ஒமேகாவின் எண்ணிடப்பட்ட நினைவுப் பதிப்புகளுள் இதுவே முதன்மையானது.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2019-இல், அதே நிறுவனம் அதன் நினைவாக மீண்டும் ஒரு தங்கப் பதிப்பை வெளியிட்டது. எத்தனை தெரியுமா? அதே 1,014! முதல் முறை 1,014 என்பது செய்து முடித்தபின் கிடைத்த கணக்கு. இரண்டாம் முறை அது செய்வதற்கு முன்பே வைத்த வரம்பு. வரலாற்றின் எண்ணிக்கையே விற்பனையின் உத்தியாக மாறிய இடம் இது.

இத்தகைய எண் விளையாட்டுகள் இன்னும் பல. அப்பல்லோ 13 விண்கலம் 142 மணி 54 நிமிடம் 41 வினாடி பயணம் செய்து திரும்பியது. 2003-இல் அதன் நினைவாக வந்த ஸ்பீட்மாஸ்டர் 5,441 எண்ணிக்கையில் செய்யப்பட்டது. பயண நேரத்தின் கடைசி நான்கு இலக்கங்களே எண்ணிக்கையாயின. 2015-இல் வந்த மற்றொரு நினைவுப் பதிப்பு 1,970. அப்பயணம் நிகழ்ந்த ஆண்டு அது. 2017 ஜனவரியில் 2,012 எண்ணிக்கையில் இணையம் வழி விற்கப்பட்ட ஒரு பதிப்பு, 4 மணி 15 நிமிடம் 43 வினாடியில் முழுமையாக முன்பதிவாகி முடிந்தது. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு கதை. வாங்குபவர் கடிகாரத்தை மட்டும் வாங்கவில்லை. அக்கதையில் தமக்கும் ஓர் எண் உண்டு என்னும் நிறைவையும் வாங்குகிறார்.

காய்கறிச் சந்தையில் கைக்கடிகாரம்

அரிதாக்குதல் செல்வந்தர்களுக்கான விலையுயர்ந்த பொருள்களோடு நின்றுவிடவில்லை. 1983 மார்ச் 1-ஆம் நாள் 'சுவாட்ச்' பிறந்தது. நெகிழியால் ஆனது; 51 உறுப்புகள் மட்டுமே கொண்டது; விலை 50 பிராங்குக்கு மேற்படாதது. நலிந்து கிடந்த சுவிஸ் கடிகாரத் தொழிலுக்கு உயிர் கொடுத்தது இந்த மலிவுக் கடிகாரமே.

மலிவான பொருளை எப்படிச் சேகரிப்புப் பொருளாக்குவது? ஓவியர்களைக் கொண்டு சிறு எண்ணிக்கையில் பதிப்புகள் வெளியிடப்பட்டன. 1985-இல் பிரெஞ்சு ஓவியர் கிக்கி பிக்காசோ வடிவமைத்த சுவாட்ச் ஏறத்தாழ 140 மட்டுமே செய்யப்பட்டது. ஒன்றன் வண்ணம் மற்றொன்றில் இராது. பின்னாளில் ஏலங்களில் அதற்குப் பெரும் போட்டி எழுந்தது. 1991-இல் ஆல்ஃபிரட் ஹோஃப்குன்ஸ்ட் என்னும் ஓவியர் வெள்ளரிக்காய், குடைமிளகாய் போன்ற வடிவங்களில் அமைத்த கடிகாரங்கள், கடிகாரக் கடைகளில் அன்று, காய்கறிச் சந்தைகளில் விற்கப்பட்டன! மக்கள் முண்டியடித்தனர்.

ஆயினும் அந்த வேகம் நிலைக்கவில்லை. சிறப்புப் பதிப்புகள் பெருகப் பெருக, சிறப்பு குறைந்தது. 1990-களின் நடுப்பகுதியில் பெரும்பாலான சுவாட்ச் பதிப்புகளின் மறுவிற்பனை விலை சரிந்தது. நாளை விலையேறும் என்று பெட்டி பிரிக்காமல் அடுக்கி வைத்திருந்த பலர் ஏமாற்றம் அடைந்தனர். மிகச் சிலவே மதிப்பைத் தக்க வைத்தன.

அண்மைக்கால ஆரவாரம்

2021-ஆம் ஆண்டு பட்டேக் பிலிப் நிறுவனம் தன் புகழ்பெற்ற 'நாட்டிலஸ் 5711' வகையை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அவ்வாண்டின் இறுதியில் டிஃபனி கடையுடன் தனக்குள்ள 170 ஆண்டு உறவின் நினைவாக, அக்கடைக்கே உரிய வெளிர்நீல முகப்புடன் 170 கடிகாரங்களை வெளியிட்டது. கடை விலை 52,635 டாலர். அவற்றுள் ஒன்று 2021 டிசம்பர் 11-ஆம் நாள் அறப்பணிக்காக ஏலம் விடப்பட்டபோது 6.5 மில்லியன் டாலரை எட்டியது. கடை விலையைப் போல் 120 மடங்குக்கும் மேல். டேடோனா அந்நிலையை அடைய ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. இதற்குச் சில நாள்களே போதுமானதாயின.

அடுத்த ஆண்டு, 2022 மார்ச் 26, சனிக்கிழமை. ஒமேகாவும் சுவாட்ச்சும் இணைந்து 'மூன்சுவாட்ச்' என்னும் கடிகாரத்தைப் பதினொரு வகைகளில் வெளியிட்டன. சிங்கப்பூரில் ஆர்ச்சர்ட் சாலையிலும் மரினா பேயிலும் உள்ள கடைகளின் முன் நீண்ட கூட்டம் திரண்டது. இலண்டனில் கூட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமல் கடைகள் மூடப்பட்டன. இத்தனைக்கும் அது வரையறுக்கப்பட்ட பதிப்பே அன்று! தொடர்ந்து செய்வோம் என்று நிறுவனமே அறிவித்திருந்தது. ஏறத்தாழ 260 அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்ட அக்கடிகாரத்தை அன்று மாலையே இணையத்தில் பன்மடங்கு விலை கூறி விற்றவர்கள் இருந்தனர், வாங்கியவர்களும் இருந்தனர். பின்னர்க் கடைகளுக்குச் சரக்கு வர வர, அவ்விலை இறங்கிவிட்டது. அரிது என்னும் எண்ணம் இருந்தாலே போதும், உண்மையில் அரிதாக இருக்க வேண்டியதில்லை என்பதை அந்த நாள் காட்டியது.

அதே 2022-இன் முற்பகுதியில் உச்சத்தைத் தொட்ட பழைய கைக்கடிகாரச் சந்தை, அதன் பின் சரியத் தொடங்கியது. உச்ச விலையில் வாங்கியவர்கள் இழப்பைச் சந்தித்தனர்.

விலை ஏறும் இடத்தில் வஞ்சகமும் நுழையும். 2021 நவம்பரில் 1957-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று ஜெனீவா ஏலத்தில் 3.1 மில்லியன் பிராங்குக்கு விற்கப்பட்டது. வாங்கியது யார்? ஒமேகாவின் அருங்காட்சியகமே! 2023-இல் அக்கடிகாரம் வெவ்வேறு கடிகாரங்களின் உறுப்புகளை இணைத்து உருவாக்கப்பட்டது என்றும், தன் முன்னாள் ஊழியர்களுக்கு அதில் தொடர்பு உண்டு என்றும் ஒமேகாவே அறிவித்தது. செய்த நிறுவனத்தையே ஏமாற்ற முடிந்தது என்றால், சாமானியர் நிலை என்ன?

கை செய்யும் அளவே எண்ணிக்கை

இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வகை அருமையும் உண்டு. சுவிட்சர்லாந்தின் ஜூ பள்ளத்தாக்கில் ஃபிலிப் டுஃபோர் என்னும் முதிய கலைஞர் இருக்கிறார். 2000-ஆம் ஆண்டு அவர் 'சிம்ப்ளிசிட்டி' என்னும் கைக்கடிகாரத்தை அறிமுகம் செய்தார். மணி, நிமிடம், வினாடி காட்டும் மூன்று முட்களுக்கு மேல் அதில் எந்த ஆடம்பரமும் இல்லை. உள்ளே இருக்கும் ஒவ்வோர் உறுப்பையும் கையால் மெருகேற்றுவதால் பல ஆண்டுகளில் இருநூறு அளவிலேயே அவரால் செய்ய முடிந்தது. அங்கு எண்ணிக்கையைக் குறைத்தது விளம்பரத் துறை அன்று; இரு கைகளின் ஆற்றலும் ஒரு நாளின் நேரமுமே. இருபதாம் ஆண்டு நினைவாக அவர் செய்தவற்றுள் ஒன்று 2020-இல் 1.3 மில்லியன் பிராங்குக்கு மேல் ஏலம் போனது.

நம் நாட்டோடு தொடர்புடைய செய்தியும் ஒன்றுண்டு. 2017-இல் கோலாலம்பூரைச் சேர்ந்த மிங் தெய்ன் என்னும் புகைப்படக் கலைஞர், நண்பர்களுடன் இணைந்து 'மிங்' என்னும் கைக்கடிகார நிறுவனத்தைத் தொடங்கினார். வடிவமைப்பு நம் மண்ணில், செய்வது சுவிட்சர்லாந்தில். 2019-இல் ஜெனீவாவில் வழங்கப்படும் உயரிய கடிகார விருதுகளுள் ஒன்றை அந்நிறுவனம் பெற்றது. சிறு நிறுவனம் என்பதால் சிறு எண்ணிக்கை. பெரிய பெயர்களுக்கு நடுவே மலேசியரின் படைப்பு தலைநிமிர்ந்து நின்றதை நம் மாணவர்களுக்குச் சொல்லலாம்.

பெற்றோருக்கு ஒரு சொல்

பெற்றோர் சந்திப்பு நாளன்று தந்தை ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, பையனின் மேற்படிப்புக்குச் சேமிப்பாக இப்படிப்பட்ட கடிகாரம் ஒன்றை வாங்கி வைக்கலாம் என்கிறார்களே, உண்மையா?" என்றார். நான் பொருளாதார வல்லுநன் அல்லன். எனினும், மேலே கண்ட வரலாறு தரும் விடையை அவரிடம் சொன்னேன்.

1968-இல் 250 டாலருக்கு விற்ற பொருள்கள் உலகில் எத்தனை ஆயிரம்! அவற்றுள் 17 மில்லியன் டாலரைத் தொட்டது ஒன்று. அந்த ஒன்றின் கதையே நம் காதுக்கு எட்டுகிறது. மற்றவற்றின் கதையை எவரும் செய்தியாக்குவதில்லை. வெற்றி பெற்ற ஒன்றை மட்டும் கண்டு கணக்குப் போடுவது, பரிசுச் சீட்டில் வென்றவரை மட்டும் கண்டு சீட்டு வாங்குவதற்கு ஒப்பாகும்.

மேலும், நியூமன் அக்கடிகாரத்தை விலையேறும் என்று வைத்திருக்கவில்லை. கட்டினார், பிறருக்குக் கொடுத்தார். அதன் பின்புறத்தில் இருந்த ஒரு மனைவியின் அக்கறையே அதன் கதை. பெட்டியைப் பிரிக்காமல் பூட்டி வைக்கும் பொருளுக்கு அப்படி ஒரு கதை பிறக்க வழியில்லை. கடிகாரத்தின் அழகுக்காக, அதன் நுட்பத்திற்காக ஒருவர் வாங்குவது குற்றமன்று. அது நல்ல பொழுதுபோக்கே. பிள்ளையின் கல்விக்கான பணத்தை அதில் இடுவதுதான் அச்சத்திற்குரியது. அவர் தலையசைத்துவிட்டுப் பிள்ளையின் கணிதப் புள்ளிகளைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்.

வகுப்பறையில்

ஆசிரிய நண்பர்களே, இவ்வரலாற்றை வகுப்பறையில் பயன்படுத்த வழிகள் பல உண்டு. கணிதப் பாடத்தில் மடங்கு, விழுக்காடு, நேர மாற்றம் ஆகியவற்றுக்கு மேற்கண்ட எண்கள் நல்ல கணக்குகளாகும். நன்னெறிப் பாடத்தில் 'விலை', 'மதிப்பு' என்னும் இரு சொற்களின் வேறுபாட்டைக் கலந்துரையாடச் செய்யலாம். மொழிப்பாடத்தில் விளம்பர வாசகங்களை ஆராயலாம்.

'லிமிட்டட் எடிஷன்' என்று ஒரு மாணவன் சொன்னால், அவனிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது தானாக அரிதானதா, ஒருவரால் அரிதாக்கப்பட்டதா? உலகில் எல்லாரிடமும் இது இருந்தாலும் உனக்கு இது பிடிக்குமா? இதனை வாங்குவது பயன்படுத்துவதற்கா, விற்பதற்கா? இம்மூன்றுக்கும் அவனே விடை கூறட்டும். நாம் தடை சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் கேள்விக்கு 'பிடிக்காது' என்று ஒரு பிள்ளை உண்மையாகச் சொல்லிவிட்டால், அன்றைய பாடம் வெற்றி பெற்றுவிட்டது எனக் கொள்ளலாம்.